நாற்பது சிப்பாய்களுக்கு வர்ணம்

நாட்டிங்காம்,
ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலம்தானே? பொங்கலன்று போனில் பேசியபோது அங்கே ஒரே சத்தம், நான் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை. "அங்கே போயும் பொம்மையா?" என்று மட்டும் கேட்டீர்கள். ஆமாம் அப்பா, அங்கே போயும் பொம்மைதான். அதை முழுசாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே இப்போது நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் அறை, சன்னல், மழை, அவ்வளவுதான். கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளையாட்டுக் குழுவுக்கு அழைத்துப் போனார். பெரிய மேசை, மேலே புல்தரை, மண் சாலை, வேலி, வீடுகள். நடுவே இரண்டு சேனைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒவ்வொரு சிப்பாயும் 28 மில்லிமீட்டர் உயரம். நம் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். அதற்குள் முகம், பொத்தான், தோல்பை எல்லாம் இருக்கிறது. பகடை உருட்டி, அளவு நாடா பிடித்துப் படைகளை நகர்த்துகிறார்கள்.

இந்த ஊரே அதற்குப் பேர்போனது. இதேபோல பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வார்ஹேமர் விளையாட்டை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனி 1975இல் லண்டனில் தொடங்கியது. இன்று அதன் தலைமையிடம் இங்கே நாட்டிங்காமிலேயே லென்டன் என்ற பகுதியில் இருக்கிறது. சின்னதும் பெரியதுமாக இன்னும் பல கம்பெனிகள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சிப்பாய்களை ஈயத்தில் வார்த்ததால் இந்தப் பக்கத்துக்கு 'ஈய வட்டாரம்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. எனக்கு நம் பொம்மைக்காரத் தெருதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெரியவர் ஒரு பெட்டி கொடுத்தார், நாற்பது பிளாஸ்டிக் சிப்பாய்கள், வாட்டர்லூ போர்க் காலத்து ஆங்கிலேயக் காலாட்படை. நான் ஆசையில் ஒருவனை எடுத்து, தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை முடிக்கப் பார்த்தேன். மூன்று ராத்திரி போனது. மீதி முப்பத்தொன்பது பேரை நினைத்தபோது பெட்டியை மூடிவிடலாம் என்றே தோன்றியது.

அப்போதுதான் நம் திண்ணை நினைவுக்கு வந்தது. ஆடி மாதம் முப்பது பிள்ளையார் வரிசையாக உட்கார்ந்திருக்க, நீங்கள் முதலில் முப்பது பேருக்கும் உடம்பு நிறம் அடிப்பீர்கள். கடைசிப் பிள்ளையாருக்கு வருவதற்குள் முதல் பிள்ளையார் காய்ந்திருப்பார். அப்புறம் முப்பது வேட்டி, முப்பது கிரீடம். ஒரு பொம்மையை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததை எடுத்து நீங்கள் ஒருநாளும் நான் பார்த்ததில்லை. இங்கேயும் கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அப்பா. எனக்குத் தெரிந்த வித்தையையே மறந்துவிட்டு மூன்று ராத்திரி மல்லுக்கட்டியிருக்கிறேன்.

நீளமான மரச்சட்டங்களில் பத்துப் பத்துப் பேராக ஒட்டினேன். நாம் சுண்ணாம்புப் பூச்சு கொடுப்பதுபோல இங்கே ஸ்பிரே டப்பாவில் அடிப்பூச்சு. சட்டை சிவப்பு என்பதால் அடிப்பூச்சையே சிவப்பாக வாங்கிவிட்டேன். பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் ஈரமும் குளிருமான ஒரு நாளில் கொல்லைப்புறத்தில் வைத்து அடித்ததில், பத்துப் பேர் மேல் பூச்சு ரவை தூவியதுபோலச் சொரசொரப்பாகிவிட்டது. அவர்களைத் தேய்த்துக் கழுவி, வெயில் எட்டிப்பார்த்த நாளில் மறுபடி அடித்தேன்.

எந்தப் படைப்பிரிவு என்று தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. பிரிவுக்குப் பிரிவு காலரும் கைமடிப்பும் மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறும். 33ஆவது பிரிவுக்கு அவையும் சிவப்பேதான். ஒரு நிறம் மிச்சம் என்று அதை எடுத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால், 1799இல் வேலூரிலிருந்து திப்பு சுல்தான் மேல் கிளம்பிப்போன படையெடுப்பில் இதே 33ஆவது பிரிவும் இருந்திருக்கிறது. அன்றைக்கு இதன் தளபதியாக இருந்த வெல்லெஸ்லிதான் பின்னால் வெலிங்டன் ஆகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். படித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நம் பக்கத்து ஊர் மண்ணை மிதித்தவர்களுக்கு நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்து செய்யப்போவது திப்புவின் புலிவரிச் சட்டைக்காரர்களைத்தான்.

சாம்பல் நிறக் கால்சட்டை ஒரு ராத்திரி. தொப்பி, பை, பூட்ஸ் எல்லாம் கறுப்பு, அது ஒரு ராத்திரி. முகம், கை, துப்பாக்கிக் கட்டை இன்னொரு ராத்திரி. வர்ணத்தைப் பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு மெலிதாக அடித்தேன், கெட்டியாக அடித்தால் முகமே மூடிப்போகும். பிறகு ஒரு பழுப்பு மை. நீர்போல இருக்கும், மேலே தடவினால் மடிப்புகளுக்குள் தானே வழிந்து தங்கி நிழலாகிவிடுகிறது. எங்காவது குளம் கட்டினால் காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதுவரை மழமழவென்று இருந்த முகத்தில் அரை நிமிஷத்தில் மூக்கும் கன்னமும் எழுந்து வந்தன. அந்த ராத்திரி நான் தூங்க வெகுநேரம் ஆனது.

மார்பின் குறுக்கே போகும் வெள்ளை வார் இரண்டுதான் கஷ்டம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பழுப்பு மைக்கு முன்னால் அடித்தால் வெள்ளை அழுக்காகிவிடுகிறது என்று கடைசிக்குத் தள்ளினேன். நீங்கள் சொல்லித்தந்தபடி சுண்டுவிரலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. எண்பது கோடு. இருபதுக்கு மேல் கை பழகிவிட்டது.

கண் மட்டும் திறக்கவில்லை, அப்பா. கண் திறக்காத பொம்மையை நீங்கள் கடைக்கு அனுப்பமாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கண் தெரிவதே இல்லை. அந்தப் பழுப்பு நிழலே பார்வைபோல இருக்கிறது. வெள்ளைப் புள்ளி வைத்த ஒருவன் பேயறைந்தவன்போல முழித்தான், உடனே அழித்துவிட்டேன். தம்பூர் (முரசு) அடிக்கும் பையனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை குளித்துவிட்டு உட்கார்ந்து, கறுப்பில் இரண்டே கோடு இழுத்தேன்.

காலடியில் மணலை ஒட்டிப் புல் வைத்ததோடு படை தயார். மறுபடி அடித்த பத்துப் பேரையும் சேர்த்து பத்து ராத்திரி.

அந்தத் தம்பூர்க்காரப் பையனைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். நவராத்திரிக்குக் கொலுப் பூங்காவில் பேண்டு செட் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தம்பூர்க் குச்சி நூல் மாதிரி மெலிசு. அம்மாவை அடித்தட்டைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். கண் சரியாக வந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து நீங்களே எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள,
பெரியவன்