விஹார் அணையையும் நினைவுகூர்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மும்பையின் குடிநீர் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, 1892-இல் முடிந்த தான்சா அணையிலிருந்து தொடங்கியிருந்தது. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே நகருக்குக் குழாய்நீர் தந்த விஹார் அணை அதில் இடம்பெறாதது எனக்கு வியப்பளித்தது.

அதுவரை மும்பைத் தீவு முழுவதும் கிணறுகளையும் குளங்களையும் நம்பியே இருந்தது. 1854-இல் மழை பொய்த்தபோது கால்நடைகளை மாகிமுக்கு ஓட்டிவிட்டு, படகுகளில் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தத் தவிப்புக்குப் பின்னரே, பொறியாளர் ஹென்றி கானிபியரின் திட்டப்படி, நகருக்கு வடக்கே சால்செட் தீவின் குன்றுகளுக்கிடையே மித்தி ஆற்றின் தலைப்பகுதியை மறித்து மண் அணைகள் எழுப்பும் பணி 1856-இல் தொடங்கி 1860-இல் நிறைவுற்றது. ஏரி மேட்டில் அமைந்ததால், நீரை ஏற்றி இறைக்கத் தேவையின்றி, அது தன் எடையாலேயே இரும்புக் குழாய்களில் தெற்கு நோக்கி இறங்கி வந்தது. அக்காலத்துக்கு இது துணிச்சலான கணக்கு என்றே சொல்வேன். ஆயினும் நகரம் பெருகிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1879-இல் துளசி ஏரி தேவைப்பட்டது.

எங்கள் தாராவிக்கு இதில் தனித் தொடர்பு உண்டு. மழைக்காலத்தில் விஹார் நிரம்பி வழியும் நீர், பவாய் ஏரியின் உபரியோடு கலந்து, மித்தி ஆறாக எங்கள் ஓரமாகவே ஓடி மாகிம் கழிமுகத்தில் சேர்கிறது. (அந்த ஆற்றின் இன்றைய நிறத்தைப் பார்ப்பவர் இதை நம்பமாட்டார்.) அடுத்த கட்டுரையில் விஹாரையும் துளசியையும் சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாராவி வாசகர் ஒருவர், மும்பை