கொடைக்கானலுக்கு முன்னால் நாலு நாள்

நாகமலை புதுக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பால் பொங்கிக்கொண்டிருந்தது, அப்பா வேறு வாசலில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஜனவரியில் உன் தோழிகள் இரண்டு பேரை அழைத்து வருகிறாய், மூன்று பேருக்கும் நடக்கப் பிடிக்கும், மதுரையில் வந்திறங்கியதும் நேராகக் கொடைக்கானல் போய்விடலாமா என்று கேட்டாய். "நம்ம ஊர்ல நடக்க என்னம்மா இருக்கு?" என்றும் சொன்னாய். அந்த வார்த்தை ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதாமல் பேப்பர் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

கொடைக்கானல் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், பொங்கல் விடுமுறையில் வண்டி நகராது. அதற்கு முன்னால் நாலு நாள் இங்கே இருங்கள். நம் வீட்டிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் நான் காட்டுகிற இடங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் நீயே சொல்.

நீ இருக்கும் நெதர்லாந்தில் பாதை பிரிகிற இடமெல்லாம் கம்பம் நட்டு எண் எழுதியிருப்பார்கள், எண்ணைப் பார்த்துப் பார்த்து நடந்தால் போதும் என்று ஒருமுறை போட்டோ அனுப்பினாய். இங்கே அப்படிக் கம்பம் கிடையாது. ஆனால் பாதை இருக்கிறது. சில இடங்களில் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் வேறு.

அந்த வழியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் என் வேலையில் பழகிய சனங்கள்தான். மேலூர்ப் பக்கம் கிராம செவிலியராக இருந்தபோது, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி போகாத இடத்துக்கெல்லாம் நடந்திருக்கிறேன். ஒருநாள் மலையடிவாரத்தில் ஒரு வீட்டுக்குக் குறுக்கு வழி என்று நினைத்து மேலே ஏறிவிட்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தூரத்திலிருந்து கத்தினார்: "நர்ஸம்மா, அது ஆட்டுத் தடம். மேல போயி எலந்தப் புதர்ல முட்டி நிக்கும். இங்கிட்டு வாங்க."

பக்கத்தில் வந்து காலுக்குக் கீழே காட்டினார். ஆட்டுத் தடம் மண்ணில் தெரியும், பாறையில் ஏறியதும் காணாமல் போய்விடும். மனுஷர் நடந்த தடம் பாறையிலும் தெரிகிறது. மலைப் பாறையின் மேல் சாம்பலும் கருப்புமாக ஒரு பூச்சு படிந்திருக்கும் அல்லவா, கால் பட்டுப் பட்டு அது தேய்ந்து ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்த கோடாக மேலே போகிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் அந்தக் கோடு மினுமினுக்கும். கையால் தொட்டால் அம்மிக் கல் மாதிரி வழவழப்பாக இருக்கும். ஒருமுறை அதைப் பார்த்துப் பழகிவிட்டால் எந்த மலைக்குப் போனாலும் கண் தானாக அதைத் தேடும்.

அடுத்தது தண்ணீர். போனில் மேப்பைத் திறந்து, வானத்திலிருந்து எடுத்த படமாக மாற்றிப் பார். மலையை ஒட்டிக் கண்மாய் இருக்கிறதா என்று தேடு. இருந்தால் கரை மேல் நடக்க வழி இருக்கும், கரை முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு அய்யனாரோ கருப்பசாமியோ இருப்பார், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மலைக்குத் தடம் கிளம்பும். மலை மேல் சுனை இருந்தால் அதற்கும் வழி இருக்கும். நான் போன மலைகளில் முக்கால்வாசி இப்படித்தான்.

கேட்க வேண்டியதையும் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும். டீக்கடையில் போய் ட்ரெக்கிங் எங்கே என்றால் யாருக்கும் புரியாது. "பஞ்சபாண்டவர் படுக்கை எங்கிட்டு இருக்குண்ணே?" என்று கேள். சமணத் துறவிகள் தங்கிய குகைகளில் படுக்க வசதியாகக் கல்லைச் செதுக்கி, தலைப்பக்கம் சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பாண்டவர்கள் படுத்த இடம். அந்தப் பெயரைச் சொன்னால் சின்னப் பையன்கூட முன்னால் நடந்து வழி காட்டுவான். சில மலைகளில் செருப்போடு ஏறக் கூடாது என்பார்கள். அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீங்கள் வருகிற மாதம் நல்ல மாதம். ஐப்பசி கார்த்திகை மழையில் சுனையெல்லாம் நிறைந்திருக்கும். கார்த்திகைக்கு மலை மேல் தீபம் ஏற்றுகிற ஊர்களில் ஆட்கள் எண்ணெய் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று முள்ளை வெட்டி வழியைச் சுத்தம் செய்திருப்பார்கள். மார்கழி, தை வரைக்கும் அந்த வழி அப்படியே திறந்திருக்கும்.

முதல் நாள் அரிட்டாபட்டிக்குப் போவோம். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். ஏழு சின்னக் குன்றுகள், நடுவில் வயல், கண்மாய்கள். 2022 நவம்பரில் அரசு இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் அந்தப் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. காலை ஏழு மணிக்குக் கழிஞ்சமலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், காற்றில் சிறகை அசைக்காமல் ஒன்று வட்டமிடும். அங்கேயே மலையைக் குடைந்து எடுத்த பழைய சிவன் கோயில் இருக்கிறது. வாசலுக்கு ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கையில் தண்டத்தோடு லகுலீசர், சிவனின் அவதாரம் என்று சொல்வார்கள். லகுலீசரை நம் பக்கத்தில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

2024 நவம்பரில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ஊசி போட்ட பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போராட்டத்துக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கீழவளவு பக்கம் பாதி வெட்டி எடுக்கப்பட்டு, அடுக்கடுக்காகப் படி மாதிரி நிற்கும் மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று. அந்த வெட்டுப்பட்ட மலைகளையும் உன் தோழிகள் பார்க்க வேண்டும். மறைக்கக் கூடாது.

இரண்டாம் நாள் கிடாரிப்பட்டி. அழகர்கோயிலுக்கு எல்லாரும் போகிறார்கள், அதே மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் இந்தக் குகைக்குச் சிலர்தான் வருகிறார்கள். குகையின் நெற்றியில் தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். யார் யார் தெரியுமா? மதுரையில் உப்பு விற்றவர், துணி விற்றவர், வெல்லம் விற்றவர், ஏருக்குக் கொழு விற்றவர், பொன் வேலை செய்தவர். நம் விளக்குத்தூண் பக்கம் இன்றைக்கும் கடை வைத்திருப்பவர்கள் மாதிரி. அவரவர் ஒரு படுக்கை, ஒரு வேலை என்று செலவு செய்து பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்குக் கொஞ்சம் மேலே பாறையில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். அதைக் காடி என்பார்கள். மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல், அந்த வெட்டில் தட்டி வெளியே சொட்டுவதற்காகச் செய்தது. போன வருஷம் தூறலில் மாட்டிக்கொண்டு நான் உள்ளே ஒதுங்கி நின்றேன். காடியின் விளிம்பில் வரிசையாகத் துளிகள் திரண்டு விழுந்துகொண்டிருந்தன, உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இடையில் யானைமலைக்கு ஒரு காலை. நரசிங்கம் பக்கமிருந்து படி ஏறினால் சமணர் சிற்பங்கள் வரை போகலாம், வெள்ளைப் பூச்சும் வண்ணமும் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் மொட்டைப் பாறை, அங்கே ஏற வேண்டாம்.

பத்திரமாக இருப்பது பற்றியும் எழுதிவிடுகிறேன், நீ சலித்துக்கொள்ளாதே. ஓய்வு பெற்ற வருஷம் நான் தனியாக ஒரு சின்ன மலையில் ஏறி, இறங்கும்போது வழி தவறிவிட்டேன். போகும்போது பார்த்த மரமும் பாறையும் திரும்பும்போது வேறு மாதிரித் தெரிகின்றன. எதிர்ப்பக்கம் இறங்கி, முள்ளுக்குள் மாட்டி, சேலை கிழிந்து, தண்ணீரும் தீர்ந்துபோயிற்று. பத்து மணிக்கே பாறை காலைச் சுட்டது. எங்கோ ஒரு கோயிலில் ரேடியோ செட் பாட்டுக் கேட்டது, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அப்பாவிடம் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து நூறு அடிக்கு ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்து, திரும்பி வரும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்று மனதில் வாங்கிக்கொள்கிறேன். ஆறு மணிக்கு ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பாறைக்குக் கீழே மலைத்தேனீ பெரிய தட்டாகத் தொங்கும், அதனால் உன் தோழிகள் யாரும் செண்ட் போடக் கூடாது.

நாம் போகிற இடங்கள் ஊரை ஒட்டியவை. சிறுமலை மாதிரி வனத்துறைக் காட்டுக்குள் ஆசைப்பட்டால் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்களே, அந்த வாரம் முழுக்க நான் உனக்குத் தினமும் போன் செய்தேன், ஏன் என்று நீ கேட்டாய். காய்ந்த புல்லில் தீ மனுஷரை விட வேகமாக மேலே ஏறும். இப்போது வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு என்று 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்ய வைத்து, உள்ளூர் ஆட்களை வழிகாட்டியாக அனுப்புகிறது. தீ பயம் உள்ள மாதங்களில் மூடியும் விடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. வேண்டுமானால் கொடைக்கானலுக்குப் பதிலாக அதில் ஒன்றைப் பதிவு செய்.

கடைசி நாள் கீழக்குயில்குடி. நம் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற சமணமலைதான். நீ ஸ்கூலில் படிக்கும்போது ஒருதரம் கூட்டிப் போனேன், கால் வலிக்கிறது என்று தாமரைக் குளத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, அவர் அந்த மரத்தடியில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்வார். தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்ற குகையில், சமணர்கள் கும்பிடும் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்கிறார்கள்.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சின்னச் சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாகத் திருமேனிகள். அவற்றின் கீழே வட்டெழுத்து என்கிற பழைய எழுத்து. ஒன்றின் கீழே இப்படி இருக்கிறது: "ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி."

அச்சணந்தி ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சமணத் துறவி. அரிட்டாபட்டியில் நாம் பார்க்கப் போகிற தீர்த்தங்கரர் அவர் செய்வித்தது. யானைமலையிலும் கொங்கர்புளியங்குளத்திலும் அவர் பெயர் இருக்கிறது, உத்தமபாளையம் வரைக்கும் போயிருக்கிறார். வீட்டை விட்டுப் போன பிள்ளை, மலை மலையாக நடந்திருக்கிறது. அந்தம்மா பெயரை நான் இந்த ஒரு இடத்தில்தான் பார்த்தேன். என்னவோ, அந்த வரியை ஒருவர் எனக்குப் படித்துக் காட்டிய நாளிலிருந்து நான் மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். சுனைத் தண்ணீரில் கை நனைத்துக்கொள்வேன். அங்கிருந்து பார்த்தால் பைபாஸ் ரோடு தெரியும், ஏர்போர்ட் பக்கம் இறங்குகிற விமானமும் தெரியும்.

போன வருஷம் நீ வாங்கிக் கொடுத்த ஷூவுக்கு அடி தேய்ந்துவிட்டது. வரும்போது அதே மாதிரி, ஏழாம் நம்பர், வாங்கி வா. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நான் கட்டிவிடுகிறேன். உன் தோழிகளுக்குக் காரம் ஆகுமா என்று மட்டும் எழுது.

பேச்சிப்பள்ளத்துக்கு மட்டும் நாம் இரண்டு பேரும் முதலில் ஏறிவிடலாம். அவர்கள் அப்பாவோடு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வரட்டும்.

அன்புடன்,
அம்மா