வீட்டு உபயோகப் பொருள் கடைகளுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், டிவி, செல்போன் விற்கும் கடை உரிமையாளர்களுக்கும், அவற்றைப் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், அவர்களிடம் இருக்கும் காகிதங்களை அடுக்கிச் சரிபார்ப்பதும் எங்கள் வேலை. இயந்திரம் என்றால் பழுதாகும் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். பில்லில் சீரியல் நம்பர் இல்லை, மெக்கானிக் வந்து போனதற்கு எந்தச் சீட்டும் இல்லை, கடையைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்கிறார்கள், கம்பெனியைக் கேட்டால் கடையைக் கை காட்டுகிறார்கள் என்ற நிலை வரும்போதுதான் அவர் ஆணையத்தின் படியேறுகிறார். ஆகவே உங்கள் கவுன்ட்டரில் உருவாகும் காகிதங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பில். ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது’ என்ற வரியை இன்னமும் பல கடைகள் அச்சடிக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று அதன் 2(47)-ஆம் பிரிவு சொல்கிறது. பில்லில் நீங்களே ஒரு கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடு. எழுதவில்லை என்றால் 30 நாள். அந்த வரியை நீங்கள் அச்சடித்திருப்பது உங்களைக் காப்பாற்றாது. மனுவோடு இணைக்கப்படும் முதல் சான்றே உங்கள் பில்தான். அதில் இந்த வரி இருந்தால் அதையே ஒரு தனிக் குற்றச்சாட்டாக எழுதுகிறோம். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் விலை குறைவு என்று திரும்பி வருபவருக்கு இந்தப் பிரிவு உதவாது. அவருக்கு மாற்றிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

‘வழக்குகள் அனைத்தும் இந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டவை’ என்ற வரியும் அப்படித்தான். வாங்கியவர், தான் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு போட 34-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தென்காசிக்காரர் சென்னையில் வாங்கிய டிவிக்காகத் தென்காசியிலிருந்தே வழக்கு நடத்தலாம். நீங்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் நம்பரும், செல்போன் என்றால் ஐஎம்இஐ எண்ணும், கட்டாயம் இருக்கட்டும். ‘பில் வேண்டுமா? போட்டால் ஜிஎஸ்டி தனி’ என்று கேட்டு, எஸ்டிமேட் சீட்டைக் கையில் திணிக்காதீர்கள். அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடக்கம். பில் கொடுக்காததும் அதே 2(47)-இல் வருகிறது. தெர்மல் காகிதத்தில் அச்சிடும் பில் வெயிலிலும் பீரோ வெப்பத்திலும் சீக்கிரம் வெளுத்துவிடும். 10 வருட வாரண்டி பேசிவிட்டு, ஒரு வருடத்தில் வெள்ளைத்தாளாகிவிடும் பில்லைக் கொடுப்பதில் என்ன நியாயம்? சாதாரணத் தாளில் ஒரு பிரதி கொடுங்கள். கேட்பவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஆனால் போன் நம்பர் சொன்னால்தான் பில் என்று வற்புறுத்தாதீர்கள். இது கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

அந்த 10 வருட வாரண்டி பேனரையும் பேசியாக வேண்டும். பல பிராண்டுகளில் அது கம்ப்ரஸர் என்ற ஒரே பாகத்துக்கு மட்டும். முதல் வருடம் முடிந்த பிறகு குளிரூட்டும் கேஸ், மெக்கானிக் கூலி, போக்குவரத்து, பிசிபி என்ற மின்சுற்று போர்டு எல்லாம் வாங்கியவர் செலவு. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். பில்லில் ஒரு வரி எழுதுங்கள். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைச் சட்டம் தவறான விளம்பரம் என்கிறது. நீட்டிப்பு வாரண்டி விற்றால் அதற்கான சான்றிதழைக் கையில் கொடுங்கள். திட்டத்தை வேறு நிறுவனம் நடத்தினாலும், பணம் உங்கள் பில்லில் வாங்கப்பட்டிருந்தால் உங்களையும் எதிர்தரப்பாகச் சேர்த்துத்தான் மனு எழுதுவோம்.

அடுத்தது ஜாப் ஷீட், அதாவது மெக்கானிக் வந்து பார்த்ததையும் செய்ததையும் எழுதும் சீட்டு. சர்வீஸ் சென்டர் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு வழக்கில் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பெரும்பாலும் இந்தச் சீட்டுதான் முடிவு செய்கிறது.

ஏசி குளிரவில்லை என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக் வருகிறார், பிரஷர் பார்க்கிறார், கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்புகிறார், போய்விடுகிறார். ஜாப் ஷீட்டில் ‘கேஸ் டாப்-அப், ஓகே’ என்று இருக்கும். ஏசியில் கேஸ் பெட்ரோல்போலத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து, பற்றவைத்து, வேக்கம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையில் சொன்ன எடைக்கு கேஸ் நிரப்புவதுதான் முழு வேலை. இதற்கு நேரம் பிடிக்கும். அதைத் தவிர்த்துவிட்டு நிரப்பிப் போனால் சில வாரங்களில் அதே வீட்டிலிருந்து அதே அழைப்பு வரும். இப்படி ஒரே வருடத்தில் மூன்று ‘டாப்-அப்’ சீட்டுகள் சேர்ந்தால், மனுதாரர் தரப்பில் தயாரிப்புக் குறையையும் சேவைக் குறைபாட்டையும் சேர்த்தே வாதாட அவை போதும்.

கசிவு எந்த இணைப்பில், வேக்கம் எத்தனை நிமிடம், கேஸ் எத்தனை கிராம், வீட்டில் மின்னழுத்தம் எவ்வளவு, உள்ளே இழுக்கும் காற்றும் வெளியே தள்ளும் காற்றும் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். இது உங்களுக்கும் காப்பு. மின்னழுத்தம் தாழ்ந்து போர்டு எரிந்தது என்று பிறகு வாதாட வேண்டுமானால், அன்றைய அளவு அன்றைய சீட்டில் இருக்க வேண்டும். பிறகு தட்டச்சு செய்து கொண்டுவரும் ரிப்போர்ட்டை எதிர்தரப்பு சும்மா விடாது.

ஒவ்வொரு முறை வரும்போதும் சீட்டின் பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அதேபோல் வேலை முடியும் முன்பே ‘ஹேப்பி கோட் சொல்லுங்கம்மா, பார்ட்ஸ் வந்ததும் மாட்டித் தரேன்’ என்று, வேலை முடிந்ததை உறுதி செய்ய வாடிக்கையாளரின் போனுக்கு வரும் அந்த எண்ணை வாங்குவதை நிறுத்துங்கள். கோட் போட்டதும் கம்பெனியின் கணினியில் புகார் தீர்ந்ததாக ஆகிவிடுகிறது. அடுத்த அழைப்பு புதுப் புகாராகப் பதிவாகிறது. எத்தனை நாள் பொருள் ஓடாமல் கிடந்தது என்ற கணக்கே அழிந்துபோகிறது. மெக்கானிக்கின் மேல் மாதக் கணக்கு காட்டச் சொல்லும் நெருக்கடி இருப்பது எங்களுக்குத் தெரியும். அந்தச் சுமையை வயதான ஒரு வாடிக்கையாளரின் தலையில் இறக்கி வைக்கக் கூடாது.

செல்போனில் ‘தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டி இல்லை’ என்று சொல்வதற்கு முன் வாடிக்கையாளர் கண்ணெதிரே போனைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்டிக்கர் நிறம் மாறியது போதாது. போர்டில் எந்த இடத்தில் அரிப்பு என்று படமெடுத்துக் கொடுங்கள். போனை வாங்கி வைக்கும்போதே அதன் நான்கு பக்கமும் படமெடுத்துச் சீட்டில் குறித்தால், ‘கொடுக்கும்போது கீறல் இல்லை’ என்ற சண்டையும் வராது.

கடைசியாக, நோட்டீஸ் வந்தால் செய்ய வேண்டியது. இதில் வணிகர்கள் வீணாகத் தோற்பதைப் பார்த்து வருந்துகிறோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலிருந்து புகார் வரும்போது உங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை என்று அலட்சியம் செய்கிறீர்கள். ஆணையம் அப்படியல்ல. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுதாரருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் தேவையில்லை. இ-ஜாக்ரிதி என்ற நுகர்வோர் ஆணையங்களின் இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் இருக்கிறது.

உங்கள் அவகாசமோ சிறியது. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பதிலுரைக்கு 30 நாள். ஆணையம் நீட்டித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. தபாலை மேஜை இழுப்பறையில் போட்டு மறந்த கடைக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள். அதற்கும் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். உத்தரவை நிறைவேற்றாவிட்டால் 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

பேசித் தீர்க்க மனம் இருந்தால் முதல் வாய்தாவிலேயே சொல்லுங்கள். 37-ஆம் பிரிவின்படி இரு தரப்பும் 5 நாளுக்குள் எழுத்தில் சம்மதித்தால் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பும். வெளியிலேயே பேசி முடித்தாலும் மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, அந்த ஒப்பந்தத்தை ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள். வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால், பணமும் கொடுத்துவிட்டு உத்தரவையும் வாங்கிக்கொள்வீர்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் மனு எழுதித் தரும் தன்னார்வலர்கள்