களிக்கு ஊற்றும் தண்ணீரைக் கேட்கச் சொன்னவர்களுக்கு

பென்னாகரம் பக்கத்து என் ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

தண்ணீரில் இருக்கும் புளோரைடு உங்கள் பல்லை என்ன செய்கிறது என்று ஆய்வு செய்ய, நான்கு மாதம் பாட்டிலும் கணக்கெடுப்புத் தாளுமாக உங்கள் தெருக்களில் அலைந்த பொது சுகாதார மாணவி எழுதுகிறேன். ஆய்வறிக்கையைப் போன வாரம் கல்லூரியில் கொடுத்துவிட்டேன். நன்றி சொல்ல அதில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பேராசிரியர்களின் பெயரை எழுதி முடிப்பதற்குள் அது தீர்ந்துபோனது. அதனால்தான் இந்த மடல்.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. "பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல பல்லைத்தான் பாக்கறாங்க, இதுல நீ பேரு வேற எழுதிப் போட்டுடாத" என்று ஓர் அக்கா சொன்னதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வரும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். இந்தப் பகுதிப் பாறையில் புளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு கீழே போகப் போகப் பாறையில் ஊறிய தண்ணீர் மேலே வருகிறது. அது உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் பல்லில் சுண்ணாம்புக் கோடும் பழுப்புக் கறையும் விழும், எலும்பும் கெடும்; அதற்குப் புளோரோசிஸ் என்று பெயர். அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் இருப்பதை மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. 2013-இல் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டதால், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பல் வெள்ளையாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பள்ளியில் பார்த்தால் பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருந்தது. சிலருக்கோ முன்பல்லில் சுண்ணாம்புக் கோடு. "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஒகேனக்கல் தண்ணி". என் தாள் முழுக்க அதே வரி.

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு முதல் நன்றி. "குடிக்கறதுக்கு அது கண்ணு. களி கிண்ட, சோறு பொங்க எல்லாம் போர் தண்ணிதான். அந்தத் தண்ணி விட்டு விட்டு வருது, சோத்துக்கும் ஊத்தினா எப்படிக் கட்டும்?" என்றார். ஒரு நாளைக்குக் களியிலும் கூழிலும் எத்தனை சொம்பு தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. என் வினாத்தாளில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. அன்று இரவே கேள்வியை மாற்றினேன். ஏற்கெனவே போன வீடுகளுக்கு மறுபடி போனேன். அலுத்துக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் உட்காரவைத்து பதில் சொன்னீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

டேங்க் ஆபரேட்டர் அண்ணா, காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டிக்குத்தான் ஏற்றுகிறோம் என்று மறைக்காமல் சொன்னீர்கள். எந்தெந்த நாள் என்று நோட்டில் குறித்தும் வைத்திருந்தீர்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் என் அட்டவணை பாதி பொய்.

நர்சம்மா, உங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும் என்பதை நீங்கள் ஒவ்வொரு வீட்டிலும் சொன்ன விதத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ஒரே வீட்டில் மாமியாரையும் மருமகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னதும் நீங்கள்தான். இங்கேயே பிறந்த மாமியாருக்குப் பழுப்புப் பல். வாக்கப்பட்டு வந்த மருமகளுக்குப் பளிச்சென்ற பல், ஆனால் முட்டி வலி. பல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் பல்லில் தெரியும்; பெரியவர்களான பிறகு சேர்வது எலும்புக்குப் போகிறது. முட்டி வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், உடனே எழுதிவிடாதே என்று எச்சரித்ததும் நீங்கள்தான்.

என் முதல் சுற்று மாதிரிகளை எல்லாம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். ஆய்வகத்து அக்கா ஒரு பார்வை பார்த்தார். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும், பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். திட்டிவிட்டு, கழுவிக் காயவைத்த பாட்டில்களை ஒரு பை நிறையத் தந்தார். திட்டுக்கும் நன்றி, பைக்கும் நன்றி. (அனுமதிக் கடிதத்துக்காக மூன்று முறை வரச்சொன்ன அலுவலகமும் ஒன்று உண்டு. அங்கே டீ வாங்கித் தந்த வாட்ச்மேன் தாத்தாவுக்கு மட்டும் நன்றி.)

ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஐயா, ஒரு காலத்தில் வாளியில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கலக்கி, தெளியவைத்து இறுத்துக் காட்டிய கதையைச் சொன்னீர்கள். தண்ணீரிலிருந்து புளோரைடைப் பிரிக்க, நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த நலகொண்டா முறை அது. "சுத்தமாச்சு, ஆனா ருசி போச்சு. ரெண்டு வாரத்துல எல்லாரும் விட்டுட்டாங்க" என்று சிரித்தீர்கள். தீர்வுகள் பற்றிய என் அத்தியாயத்தில் அந்த ருசிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். தேர்வாளர் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். பரவாயில்லை, வாய்மொழித் தேர்வில் பேசிக்கொள்கிறேன்.

அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் பத்துப் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஒரு பிரதி அங்கன்வாடியில் இருக்கும், ஒன்று டேங்க் ஆபரேட்டர் அண்ணாவிடம். மீதமிருந்த புளோரைடு சோதனைக் கரைசலையும் அங்கன்வாடி டீச்சரிடமே கொடுத்துவிட்டேன். தண்ணீரில் அதை விட்டதும் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறினால் புளோரைடு அதிகம் என்று அர்த்தம்; அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் எடுக்க வேண்டாம்.

பாட்டி, உங்களுக்குப் படிக்க வராது என்றீர்கள். பொங்கலுக்கு வந்து நானே வாசித்துக் காட்டுகிறேன். கூழ் ஊற்றிக் கொடுத்த தூக்குப் போசியும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.