வெனிஸுக்கு ஜனவரியில் போ

அன்பு மாப்பிள்ளைக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கறுப்புக் கண்ணாடி போட்ட உன் போட்டோவை இங்கே எல்லோருக்கும் காட்டியாயிற்று. மருமகன் உன்னை சினிமாவில் இருப்பவரா என்று கேட்கிறார். நான் மறுக்கவில்லை.

மே மாதம் டூர் பேக்கேஜில் ஐரோப்பா, அதில் வெனிஸுக்கு அரை நாள் என்று எழுதியிருந்தாய். அந்த அரை நாள்தான் எனக்கு உறுத்துகிறது. பொங்கலுக்கு முன்னால் மகளோடு ம்யூனிக்கிலிருந்து ரயிலில் அங்கே போய்விட்டு வந்தோம். பிரென்னர் கணவாய்ப் பனியைத் தாண்டி, கடைசியில் காயல்மேல் போட்ட பாலத்தில் ரயில் ஓடுகிறது. ஸ்டேஷன் படியில் இறங்கினால் எதிரே ரோடு கிடையாது, கால்வாய்தான். கார், பைக், சைக்கிள் எதுவும் ஊருக்குள் இல்லை.

மே மாதத்தில் நீ பார்க்கப்போவது முன்னால் போகிறவரின் முதுகைத்தான். கூட்டத்தைக் குறைக்க, 2024 முதல் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே சில நாட்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமே வாங்குகிறார்கள். ஜனவரியில் அதெல்லாம் இல்லை. காலை எட்டு மணிக்கு ரியால்ட்டோ பாலத்தின் பக்கம் போனால் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குப்பை படகில் போகிறது, பார்சல் படகில் வருகிறது, ஆம்புலன்ஸும் படகுதான். ஒரு வாஷிங் மெஷினைப் படகிலிருந்து இறக்கித் தள்ளுவண்டியில் வைத்து, பாலத்தின் படிகளில் ஒவ்வொன்றாக இரண்டு பேர் ஏற்றியதை நின்று முழுதாகப் பார்த்தேன். என் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு அந்த ஊர் புரிந்ததே அங்கேதான்.

ரியால்ட்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில், தீவு நகரத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கை ஓடுகிறது. 1950களில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்த இடத்தில் இப்போது 50 ஆயிரத்துக்கும் குறைவு. வீடுகளெல்லாம் வாடகை அறைகளாக மாறிவிட்டன. அந்த அறை ஒன்றில்தான் நானும் தங்கினேன், அதனால் பெரிதாக வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனால் மிச்சமிருக்கும் அந்தச் சனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலம்தான். ஜனவரி 6ஆம் தேதி பெஃபானா பண்டிகை. குழந்தைகளுக்கு மிட்டாய் கொண்டுவரும் சூனியக் கிழவி அவள். நம் வயசு ஆம்பிளைகள் பாவாடை கட்டிக்கொண்டு கிழவி வேஷத்தில் பெரிய கால்வாயில் படகுப் போட்டி போடுகிறார்கள். ரியால்ட்டோ பாலத்திலிருந்து ஒரு ராட்சத காலுறை தொங்குகிறது. கரையில் நிற்கிற பாதிப் பேர் போட்டியாளர்களுக்குத் தெரிந்தவர்கள் போல, பெயர் சொல்லிக் கத்துகிறார்கள்.

சரி, வெள்ளம் என்று நீ பயப்படுவாய். 2019 நவம்பரில் கடல் 187 சென்டிமீட்டர் ஏறி ஊரையே நாசம் செய்தது. அதற்கு மேல் 1966இல் வந்த 194தான். இப்போது காயலின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால் உள்ளே காற்றை நிரப்பி எழுப்பிவிடுகிறார்கள். 2020 அக்டோபரில்தான் முதன்முதலாக வேலை செய்தது. ஆனால் புனித மார்க் சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடம், 110 வருவதற்கு முன்பே அங்கே நனைந்துவிடும். ஒரு காலையில் நானே பார்த்தேன். தண்ணீர் கரையைத் தாண்டி வரவில்லை. தரையில் இருக்கும் வடிகால் ஓட்டைகளிலிருந்து சத்தமில்லாமல் ஊறிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் தேவாலயத்தின் கோபுரங்கள் தரையில் தெரிந்தன. கடைக்காரர்கள் அவசரமே படாமல் வாசலில் உலோகப் பலகையைச் செருகிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள்.

சாப்பாடு உனக்குப் பிடிக்கும். கருவாடு சாப்பிடுகிறவன் நீ. 1430களில் கப்பல் உடைந்து நார்வே தீவில் ஒதுங்கிய குவெரினி என்ற வெனிஸ் வியாபாரி, அங்கே காற்றில் காயவைக்கும் காட் மீனோடு ஊர் திரும்பினானாம். அதை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய்ப் பதத்துக்கு அடித்து ரொட்டித் துண்டில் வைத்துத் தருகிறார்கள். நின்றுகொண்டே சாப்பிடும் சின்னக் கடைகளில் இரண்டு மூன்று யூரோ. தங்கச்சிக்கு அந்த வாசம் ஆகாது, அவளுக்கு காய்கறிச் சந்தையில் கிடைக்கும் கசப்பான சிவப்புக் கீரை, சோளக்களி என்று வேறு இருக்கிறது.

ஓவியம் பார்க்க ஒரே இடம் என்றால் சான் ரோக்கோ என்ற பழைய சங்கக் கட்டடம். வெனிஸ் ஓவியர் தின்தொரெத்தோ 1564இல் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டடத்துக்கு வரைந்திருக்கிறார். மாடி மண்டபத்தில் கூரை முழுக்கப் படம். கழுத்து வலிக்காமலிருக்க ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் கூரை தெரியும். நான் போனபோது அந்தப் பெரிய மண்டபத்தில் காவலாளியையும் சேர்த்து நாலைந்து பேர். மே மாதம் கண்ணாடி கையில் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். குளிர் அஞ்சு டிகிரிதான், ஆனால் ஈரக் குளிர், எலும்புக்குள் போகிறது. மாலை ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். நல்ல ஹோட்டல்கள் சில ஜனவரியில் பூட்டிக்கொண்டு லீவில் போய்விடுகின்றன. கொண்டோலா என்ற துடுப்புப் படகுக்காரர்கள் மட்டும் சீசனானாலும் இல்லாவிட்டாலும் அரை மணிக்கு 90 யூரோ. நாங்கள் ஏறவில்லை. அதற்குப் பதில் இருட்டிய பிறகு ஒன்றாம் நம்பர் படகு பஸ்ஸில் வெளி சீட்டில் உட்கார்ந்து பெரிய கால்வாய் முழுக்கப் போனோம். டிக்கெட் 9.50 யூரோ. மாளிகைகளில் பத்துக்கு ஒன்றில்தான் விளக்கு எரிந்தது.

உனக்கு யோசிக்க வேண்டியது தங்கச்சியின் மூட்டுவலி ஒன்றுதான். நானூறுக்கு மேல் பாலம், அநேகமாக எல்லாம் படி. ஆகவே படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில், பாலம் ஏறாமல் போகிற மாதிரி அறை பார்க்க வேண்டும். பெஃபானாவைப் பார்த்துவிட்டு, கார்னிவல் என்ற முகமூடித் திருவிழா தொடங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும், கார்னிவலில் அறை வாடகை எகிறிவிடும். மே மாத டூருக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்றா? கட்டவில்லையென்றால் கட்டாதே. விசாவுக்கு அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிடு, மகளும் நானும் ம்யூனிக்கிலிருந்து வந்து சேர்ந்துகொள்கிறோம். ரப்பர் பூட்ஸ் அங்கேயே கிடைக்கும், மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்