செயலாளர் ஆண்டறிக்கை: வொண்டர் வுமனும் ஸ்டார்மும் மோதிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது சித்திரக்கதை வாசகர் வட்டத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலையில் கூடும் நம் கூட்டம், அடைமழையால் ஒரு முறை நின்றதைத் தவிர, தவறாமல் நடந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் கரையான் ஏறியதில் பழைய இதழ்கள் சில வீணாயின. மீந்தவற்றை வெயிலில் காயவைத்து மேல்தட்டுக்கு மாற்றியிருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நம் வட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மூத்த உறுப்பினர் இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்தார். 1984-இல் தமிழ்ச் சித்திரக்கதை வெளியீடான லயன் காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே மாடஸ்டி என்ற சாகச நாயகியைக் கொண்டுவந்தபோது, ஒரு பெண் நாயகியாக நின்று சண்டையிடுவதைக் கண்டு வியந்ததை அவர் சொல்லாத கூட்டமே இல்லை. அவருடைய குடும்பத்தார் அவரது சேமிப்பு முழுவதையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்து நமக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி என்றும் உரியது.

இந்த ஆண்டை நிறைத்த விவாதம் அந்தப் பெட்டியிலிருந்துதான் புறப்பட்டது. அந்துருண்டை வாசத்தோடு அடியில் கிடந்தது, 1996-இல் டிசி, மார்வெல் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட நான்கு இதழ்த் தொடரின் மூன்றாம் இதழ். தாள்களைப் பிணைத்த கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பாக இறங்கியிருந்தது. வானிலையை ஆளும் மார்வெல் நாயகி ஸ்டார்மின் மின்னல் தாக்கி டிசியின் நாயகி வொண்டர் வுமன் வீழும் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், சிறிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: "சரியில்லை".

ஏன் சரியில்லை என்று கேட்க அவர் இல்லை. எனவே இவ்விருவரும் மோதினால் உண்மையில் யார் வெல்வார் என்று நாமே கேட்டுப் பார்த்தோம். மூன்று கூட்டங்கள் அதற்கே போயின. படக்கதைக்கு இவ்வளவு நேரமா என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஒரு பாத்திரத்தை எவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறோம் என்பது இப்படிப்பட்ட கேள்வி வரும்போதுதான் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தத் தொடரின் பெரிய மோதல்கள் ஐந்தின் முடிவை எழுத்தாளர்கள் தீர்மானிக்கவில்லை. வாசகர்கள் வாக்களித்தார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார். ஸ்பைடர்மேன், வுல்வரின், ஸ்டார்ம் மூவரும் மார்வெலுக்கு வெற்றி தேடித் தந்தார்கள். வுல்வரினும் ஸ்டார்மும் இடம்பெறும் எக்ஸ்-மென் குழுவின் கதைகள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. யாருக்கு அன்பர்கள் மிகுதி என்பதை அந்த வாக்கு காட்டியது. யாருக்கு வலிமை மிகுதி என்பதைக் காட்டியதாகச் சொல்ல முடியாது.

டயானாவின், அதாவது வொண்டர் வுமனின், பக்கம் நின்று வழக்காடியவர் நம் தலைவர். 1941-இன் இறுதியில் உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் படைத்த பாத்திரம் இது. பொய்யறியும் கருவிக்கு முன்னோடியான இரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கியவரும் அவரே. கட்டுண்டவரை உண்மை பேசவைக்கும் கயிறு அவருடைய நாயகியின் கையில் இருப்பது பொருத்தம்தானே! 1987-இல் ஜார்ஜ் பெரெஸ் இக்கதையைப் புதிதாகத் தொடங்கியபோது, களிமண்ணில் உருவான டயானாவுக்குக் கிரேக்கத் தெய்வங்களான டெமிட்டர் வலிமையையும் அத்தீனா அறிவையும் ஹெர்மஸ் வேகத்தையும் பறக்கும் ஆற்றலையும் வழங்கினார்கள். கைக்கெட்டும் தூரம் வந்துவிட்டால் ஸ்டார்ம் ஒரு குத்துக்குத் தாங்கமாட்டார் என்றார் தலைவர். அதை மறுக்க எவரும் முன்வரவில்லை.

ஆனால் கைக்கெட்டும் தூரம் வரவேண்டுமே. மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் இதைத் தெளிவாக விளக்கினார். தோட்டா ஒரு கோட்டில் வரும், அதைக் கைக்காப்பால் தட்டிவிடலாம். மின்னலோ சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு வெப்பத்தோடு வழி தேடிக்கொண்டு வருவது. பறக்கும் விமானத்தையும் அது தாக்குகிறது. உலோகப் புறத்தோல் வழியே ஓடி வெளியேறிவிடுவதால் உள்ளிருப்பவர்கள் பிழைக்கிறார்கள். டயானாவுக்கு அப்படி ஓர் உலோக உறை இல்லை. மணிக்கட்டில் இரண்டு காப்புகள் மட்டுமே. அவற்றை உயர்த்திப் பிடித்தால் இடியை வா என்று அழைப்பதாகும் என்றார். கூட்டம் சற்று நேரம் பேச்சற்றுப் போனது.

அப்படியானால் ஸ்டார்மை ஒரு குகைக்குள் இழுத்துவிடலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். லென் வைன், டேவ் காக்ரம் இருவரும் 1975-இல் படைத்த ஒரோரோ மன்ரோவின், அதாவது ஸ்டார்மின், கதையில், 1956 சூயஸ் போரின்போது கெய்ரோவில் வீடு இடிந்து பெற்றோர் இறக்கிறார்கள். குழந்தை ஒரோரோ தாயின் உடலருகே இடிபாட்டுக்குள் புதைந்து கிடக்கிறாள். அன்று முதல் அடைபட்ட இடம் என்றாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

இதற்கு நம் பிளஸ் டூ மாணவி சொன்ன பதிலே இந்த ஆண்டின் மிகச் சிறந்த வாதம் என்று நான் பதிவு செய்கிறேன். 1983-இல் வந்த எக்ஸ்-மென் 170-ஆம் இதழில், நியூயார்க் நகரின் அடியில் உள்ள சுரங்கங்களில், உடல்நலம் குன்றிய நிலையில், அங்கு வாழும் கூட்டத்தின் தலைவி கலிஸ்டோவோடு ஸ்டார்ம் கத்திச் சண்டை போடுகிறார். மின்னல் இல்லை, காற்று இல்லை, தலைக்கு மேல் வானமும் இல்லை. கத்தியைக் கலிஸ்டோவின் மார்பில் பாய்ச்சி வெல்கிறார். "சுரங்கத்தில் அவர் தோற்பார் என்பவர்கள் இதைப் படிக்கவில்லை, ஐயா" என்று அந்தப் பெண் எழுந்து நின்று சொன்னபோது கைதட்டல் எழுந்தது. நானும் அந்த இதழை அதுவரை படித்ததில்லை. அன்றிரவே வாங்கிச் சென்று படித்தேன்.

அதே 1996 தொடரில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. மார்வெலின் இடிக்கடவுளான தோரின் சுத்தியல் டயானாவின் கைக்கு வருகிறது. தகுதியுள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய அதை அவர் தூக்கியும் விடுகிறார். ஸ்டார்மை எதிர்கொள்ளும் வேளையில், இதைக் கொண்டு போரிடுவது நியாயமாகாது என்று அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார். பிறகுதான் தோற்கிறார். தமிழாசிரியராக இருந்த நம் உறுப்பினர், படையெல்லாம் காற்றில் அடிபட்ட பூளைப்பூவாய்ச் சிதறிய பின் தனியே நின்ற இராவணனிடம், இன்று போய் நாளை வா என்ற கம்பனின் இராமனை நினைவூட்டினார். எதிரி நிகராக நிற்கும்வரை அடிக்காத அந்தக் குணம் இருவருக்கும் பொதுவென்றார். பென்சிலில் எழுதிய நம் மூத்தவரின் மனத்தில் இருந்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கைகளை எண்ணியதில் டயானாவுக்கு 16, ஸ்டார்முக்கு 11. இருவர் கை தூக்கவில்லை.

தீர்ப்பை ஏற்கிறேன். ஆயினும் செயலாளர் என்ற முறையில் அல்லாமல் உறுப்பினர் என்ற முறையில் என் கருத்தையும் பதிய அனுமதி கோருகிறேன். 1968-இல் டயானா தம் சக்திகளைத் துறந்தார். 1973 வரை சாதாரணப் பெண்ணாக, தற்காப்புக் கலை பயின்று போரிட்டார். ஸ்டார்ம் 1984-இல் சக்தியிழந்தார். அந்த நிலையிலேயே 1986-இல் அக்குழுவின் சக வீரர் சைக்ளாப்ஸை வென்று எக்ஸ்-மென் தலைமையைக் கைப்பற்றினார். இந்த இருவரும், அந்த நாள்களில், ஒரு தெருமுனையில் எதிரெதிரே நின்றிருந்தால்? வானத்தையும் தெய்வ வரங்களையும் நீக்கிவிட்டு நான் மனத்தில் நடத்திப் பார்க்கும் போர் அதுதான். அதில் ஸ்டார்மே வெல்வார். டயானாவுக்கு ஆசான் கற்றுத் தந்தார். ஒரோரோ கெய்ரோ தெருக்களில் அனாதையாய்த் திருடிப் பிழைத்த காலத்தில் பசியோடு கற்றுக்கொண்டவர். ஓட வேண்டிய நொடியும் திரும்பி அடிக்க வேண்டிய நொடியும் அவருடைய உடம்புக்கே தெரியும்.

வரும் ஆண்டில் எக்ஸ்-மென் பழைய இதழ்களை வரிசையாக வாசிக்கும் அமர்வு ஒன்றை அந்த மாணவியின் பொறுப்பில் நடத்தலாம் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. கூட்டத்துக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர் ஏற்பாட்டை ஒரு முறையும் தவறவிடாத இணைச் செயலாளருக்கும் நன்றி.

தகரப் பெட்டியில் வந்த அந்த இதழைச் செப்பனிடும்போது துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு நூலால் தைக்கலாம், பென்சில் எழுத்தை அழிக்கக்கூடாது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைத்து, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்