வெள்ளியங்கிரியில் தண்ணீர் தந்தவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியோரே, வணக்கம்.

கடந்த சித்திரையில் கோவை அருகேயுள்ள வெள்ளியங்கிரி மலை ஏறிய எங்கள் குடும்பத்தினர் அனைவரும் நலமாக வீடு திரும்பியதற்குக் காரணமானவர்கள் நீங்கள். உங்களில் பெரும்பாலோரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் அன்று அவகாசம் இல்லாததால், எங்கள் நன்றியைப் பொதுவில் எழுதுகிறோம்.

பூண்டி அடிவாரத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏறவேண்டிய ஏழு மலைகளில் சிவன் வீற்றிருக்கும் ஏழாம் மலைக்கு ஒரு வழித் தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். ஆனால் பக்தர்கள் மலையேறும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களே அங்குச் சுனைகள் மெலியும் மாதங்கள். சோலைக்காடும் புல்வெளியும் மழைக்காலத்தில் உறிஞ்சி வைத்த நீர்தான் பாறையிடுக்குகளில் கசிந்து சுனையாகிறது. நொய்யல் பிறக்கும் மலைத்தொடரே என்றாலும், கோடை முற்றும்போது அந்தக் கசிவு நூலிழையாகிவிடுகிறது. பாம்பாட்டிச் சுனையையும் கைதட்டிச் சுனையையும் கடந்துவிட்டால், ஆறாம் மலையின் ஆண்டி சுனை வரை நம்பி நிரப்பிக்கொள்ள நீரில்லை. அந்த முகட்டுப் பாதையில் வீசும் குளிர்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் வறண்டுவருவது நடப்பவருக்கே தெரிவதில்லை.

அறுபதைக் கடந்த எங்கள் தாய்மாமா ஐந்தாம் மலையில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, நாக்கு ஒட்டிப் பேச்சுக் குழறி உட்கார்ந்தபோது, எங்கள் புட்டிகளில் மிஞ்சியிருந்தது ஒரு மடக்கு நீர். அப்போது விற்பதற்காகத் தலைச்சுமையோடு மேலேறி வந்த வியாபாரித் தம்பி ஒருவர், அவ்வளவு உயரம் சுமந்து வந்த தண்ணீரைக் காசு வாங்காமல் திறந்து கொடுத்தார். “ஒரேதா குடுத்தறாதீங்க, வாய நனச்சு நனச்சுக் குடுங்க” என்று தடுத்து, புட்டி மூடியில் ஊற்றி, கல் உப்பை விரலால் கரைத்து, அரை மணி நேரம் தம் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரே புகட்டினார். அந்தப் பக்குவம் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தம்பி, எங்கள் மாமாவின் உயிருக்கு நாங்கள் உங்களிடம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆண்டி சுனையில் நீருக்காக வரிசையில் நின்றிருந்த முன்பின் அறியாத அடியார்கள், எங்கள் மருமகன் புட்டிகளோடு ஓடி வருவதைக் கண்டதும் வழிவிட்டு, முதலில் அவனுக்கே பிடித்துக் கொடுத்தார்கள். அவர்களும் இரவெல்லாம் ஏறிக் களைத்தவர்கள்தாம் என்பதால் அந்தச் செயலின் அருமை பெரிது. சுனை வாயில் சேர்ந்த சருகையும் சேற்றையும் அகற்றி, அதில் எவரும் கால் வைக்காதபடி காத்து நின்ற தொண்டர்களையும் வணங்குகிறோம். அத்தனை பேர் கைபட்ட பின்னும் அந்நீர் தெளிவாக இருந்தது உங்கள் உழைப்பால்தான்.

செங்குத்தான இறக்கத்திலும், முதல் மலையின் உயரமான படிகளிலும் ஓரிடத்திலும் குலுங்காமல் டோலி சுமந்து வந்த நால்வருக்கும், யானை நடமாட்டம் உண்டென்று முன்னும் பின்னும் விளக்குப் பிடித்து அடிவாரம் வரை உடன்வந்த வேட்டைத் தடுப்புக் காவலருக்கும், மருத்துவ முகாமில் நரம்பு வழியே நீரேற்றி விடியும்வரை அருகிலேயே இருந்த செவிலியருக்கும் எங்கள் நன்றி உரியது. மாமா இப்போது வழக்கம்போல் தோட்டத்துக்குப் போய்வருகிறார். தம்மைத் தூக்கி வந்தவர்களை நேரில் பார்க்க வேண்டுமென்று நாள்தோறும் கேட்கிறார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. குளிரில் நடுங்கிய அவருக்குத் தங்கள் பழுப்பு நிறக் கம்பளியைப் போர்த்திவிட்டு, திரும்பக் கேளாமலே மேலேறிச் சென்ற திருப்பூர்க் குழுவினரை எவரேனும் அறிந்திருந்தால், எங்கள் நன்றியை அவர்களிடம் சேர்ப்பியுங்கள். கம்பளியைத் துவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எங்கே வரவேண்டுமென்று சொன்னால், நாங்களே கொண்டுவந்து கொடுப்போம்.

நன்றியுடன்,
மாமாவின் குடும்பத்தினர்